மழையில் சைக்கிள்: நனையாமல் வகுப்பில் உட்காருவது எப்படி?



ஆண்டு மலர் என்றதும் கவிதை எழுதத் தெரிந்தவர்கள் பேனாவைத் திறந்து விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது சைக்கிளும், காட்டேரிக்குப்பத்திலிருந்து சுத்துக்கேணி, பத்துக்கண்ணு, ஊசுட்டேரி வழியாக வரும் ரோடும்தான். அந்த ரோட்டில் இரண்டு மழைக்காலம் நனைந்து கற்றுக்கொண்டதை, நம் பாடத்தில் படித்த கணக்கோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். சைக்கிளில் வரும் நம் எல்லாருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒரு நாள் நடந்தது

முதலாம் ஆண்டு, ஐப்பசி மாதம். காலையில் கிளம்பும்போது தூறல்தான். அம்மா, "நனைஞ்சிகினு போவாத, மழ உட்டதும் போ" என்றார். அன்றைக்கு எலக்ட்ரிக்கல் லேப். விட்டால் திரும்பக் கிடைக்காது என்று மிதித்தேன். ஊசுட்டேரி வருவதற்குள் கொட்டித் தீர்த்து விட்டது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட லேப் வாசலில் போய் நின்றேன்.

லேப் இன்ஸ்ட்ரக்டர் என்னைத் திட்டவில்லை. உள்ளேயும் விடவில்லை. "ஓம் விதி தெரியுமா? சொல்லு" என்றார். சொன்னேன். "காய்ந்த தோலின் மின்தடை 1,00,000 ஓம் வரை இருக்கும். நனைந்து விட்டால் 1,000 ஓம் வரை இறங்கிடும். இப்ப 230 வோல்ட்டை வகுத்துப் பார்" என்றார்.

வகுத்துப் பார்த்தேன். காய்ந்த உடம்பில் 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், கையை இழுத்துக்கொள்ளலாம். நனைந்த உடம்பில் 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் ஆளைக் காப்பாற்ற வைக்கும் கசிவு மின் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரிலேயே லைனைத் துண்டிக்கும்படி செய்திருக்கிறார்கள். அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் என் உடம்பில் ஓடும். "தலை துவட்டி, சட்டை மாத்திட்டு வா. மாத்துச் சட்டை இல்லேன்னா இன்னிக்கு வேடிக்கை மட்டும் பாரு" என்றார். என்னிடம் மாற்றுச் சட்டை இல்லை. வேடிக்கைதான் பார்த்தேன். பையில் இருந்த ரெக்கார்டு நோட்டில் மை கரைந்து, இரண்டு வாரம் வரைந்த சர்க்யூட் எல்லாம் நீல மேகமாகி இருந்தது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. மழையில் நனைவது சளி பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. படிப்பு போகிற விஷயம், சில நேரம் உயிரே போகிற விஷயம்.

வேகமாக மிதித்தால் நனைய மாட்டோமா?

மழை வந்தால் நாம் எல்லாரும் முதலில் செய்வது குனிந்துகொண்டு வேகமாக மிதிப்பது. இது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மணிக்கு 20 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழைதான். 20 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மணி நேரத்தில் 20 லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று பொருள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் நம் தலை, தோள், தொடை எல்லாம் சேர்த்து மேலிருந்து பார்த்தால் கால் சதுர மீட்டர் என்று வைப்போம். அப்படியானால் மேலிருந்து மணிக்கு 5 லிட்டர்.

இனி முன்பக்கம். 2 மி.மீ. குறுக்களவு உள்ள மழைத்துளி வினாடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் அது 23,400 மீட்டர் இறங்கும். அந்த உயரத்துக்குள் 20 லிட்டர் பரவி இருக்கிறது என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 0.85 கிராம் தண்ணீர் தொங்குகிறது. நம் முகம், மார்பு, கால் சேர்ந்த முன்பரப்பு அரை சதுர மீட்டர். 10 கி.மீ. போனால் 5,000 கன மீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம். அதில் உள்ள தண்ணீர் சுமார் 4¼ லிட்டர். இதில் வேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அந்த 4¼ லிட்டர் நம் மார்பில்தான்.

10 கி.மீ. தூரத்துக்கு மொத்தக் கணக்கு இது:

மணிக்கு 10 கி.மீ. வேகம்: மேலே 5, முன்னே 4¼, ஆக 9¼ லிட்டர்.
மணிக்கு 15 கி.மீ. வேகம்: மேலே 3⅓, முன்னே 4¼, ஆக ஏறக்குறைய 7½ லிட்டர்.
மணிக்கு 20 கி.மீ. வேகம்: மேலே 2½, முன்னே 4¼, ஆக 6¾ லிட்டர்.

இரண்டு மடங்கு வேகமாக மிதித்தும் மிச்சம் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். சட்டையும் பேண்ட்டும் முழுசாக ஊறி நிற்க ஒரு லிட்டர் தண்ணீரே போதும். 9 லிட்டர் விழுந்தால் என்ன, 6 லிட்டர் விழுந்தால் என்ன? ஆகவே வேகம் நம்மைக் காப்பாற்றாது. நனைந்த ரோட்டில் விழ வைக்கத்தான் செய்யும்.

குடை பிடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இதற்கும் கணக்கு இருக்கிறது.

மணிக்கு 15 கி.மீ. என்றால் வினாடிக்கு 4.2 மீட்டர். நேராக விழும் மழை நமக்கு முன்னாலிருந்து சுமார் 33 டிகிரி சாய்ந்து வருவதுபோல் இருக்கும். குடையை நேராகப் பிடித்தால் மார்பும் காலும் நனையும். 33 டிகிரி முன்னால் சாய்த்தால் எதிரே வரும் டிப்பர் லாரி தெரியாது.

அடுத்து காற்று. ஒரு மீட்டர் அகலக் குடையில் மணிக்கு 40 கி.மீ. காற்று மோதினால் ஏறக்குறைய 6 கிலோ எடை ஒரு பக்கம் இழுப்பதுபோல் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் நம்ம பக்கத்திலிருந்து நகரத்துக்கு வருபவர்களுக்குக் காலையில் காற்று இடது தோளில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது வலது முதுகில் தள்ளும். ஊசுட்டேரி ஓரம் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அங்கே ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹேண்டில்பாரும் என்றால், காற்று எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்தான் சைக்கிள் போகும். ஒரு கை போய்விட்டால் ஒரு பிரேக்கும் போய்விட்டது என்பதை மறக்கக் கூடாது.

நாலு பக்கத்து ஈரம்

மேலிருந்தும் முன்னாலிருந்தும் வரும் ஈரத்தைப் பார்த்தோம். இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று கீழிருந்து, இன்னொன்று உள்ளிருந்து.

கீழிருந்து வருவது சக்கரத்தின் வேலை. சுற்றும் டயரிலிருந்து தண்ணீர் தொடுகோட்டுத் திசையில் தெறிக்கும் என்று எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் படித்தோம். பின் சக்கரம் முதுகில் சேற்றுக் கோடு போடும். முன் சக்கரம் காலையும் செயினையும் நனைக்கும். மழை நின்ற பிறகும் இது நிற்காது. பழைய மாடல் சைக்கிளில் முழு மட்கார்டு இருக்கும். இப்போது வரும் கியர் சைக்கிள்களில் பேருக்கு ஒரு துண்டுதான், சிலவற்றில் அதுவும் இல்லை. கடையில் தனியாக முழு மட்கார்டு கிடைக்கும், வாங்கி மாட்டி விடுங்கள். முன் மட்கார்டின் நுனியில் பழைய லாரி டியூப்பையோ ஆயில் கேன் பிளாஸ்டிக்கையோ வெட்டி, தரைக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி இரண்டு போல்ட் போட்டு மாட்டுங்கள். அரை மணி நேர வேலை. ஷூவும் செயினும் பிழைத்துக்கொள்ளும்.

உள்ளிருந்து வருவது வியர்வை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிக்க நம் கால் சுமார் 60 வாட் கொடுக்கிறது. மனித உடம்பின் திறன் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி சுமார் 240 வாட் வெப்பமாக வெளியேற வேண்டும். அது முழுவதையும் வியர்வை ஆவியாகி எடுத்துப் போக வேண்டுமானால் மணிக்கு 360 கிராம் வியர்வை வேண்டும். கழுத்து வரை மூடிய பிளாஸ்டிக் கோட்டுக்குள் அது ஆவியாகப் போக வழி இல்லை, சட்டையிலேயே தங்கி விடும். வெளியே மழை, உள்ளே வியர்வை மழை! கோட்டு போட்டும் ஏன் நனைந்தோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூசி மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் உள்ளே போகவில்லை, வியர்வை வெளியேயும் வரவில்லை. 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டுபிடித்த முறையில் கோர்-டெக்ஸ் துணி வந்தது. அதில் உள்ள நுண்துளைகள் தண்ணீர்த் துளியை விடாது, நீராவியை விடும். விலை நமக்கு எட்டாது. எட்டினாலும், வெளிக்காற்றே ஈரமாகப் புழுங்கும் நம்ம ஊரில் ஆவி வெளியேறுவது குறைவாகத்தான் இருக்கும்.

நமக்கு ஏற்றது எது?

நடவு நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் பாருங்கள். கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். இப்போது யூரியா மூட்டைப் பையிலும் போடுகிறார்கள். தலையும் முதுகும் நனையாது, கீழே திறந்திருப்பதால் புழுங்காது. நம் அப்பா அம்மா பாடம் படிக்காமலே கண்டுபிடித்த டிசைன் இது. வெளிநாட்டில் சைக்கிள்காரர்கள் போடும் 'கேப்' என்பதும் இதே கொள்கைதான்: மேலே மூடல், கீழே திறப்பு.

நான் போடுவது அப்படி ஒன்றுதான். கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டில் தலைக்கு ஓட்டை வைத்து, கொங்காணி போலத் தைத்தது. முன்பக்கம் ஹேண்டில்பாரையும் மூடும் அளவு நீளம். அம்மாதான் தைத்துக் கொடுத்தார். இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்:

1. முன் ஓரத்தில் கட்டை விரல் மாட்ட இரண்டு நாடா வேண்டும். இல்லையென்றால் காற்றில் முகத்தில் அடிக்கும்.
2. இடுப்பில் ஒரு கயிறு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாய்மரம் மாதிரி உப்பி ஆளைத் தள்ளும்.
3. பின் ஓரம் சக்கரத்துக்குள் போகாதபடி அளவாக வெட்ட வேண்டும். துப்பட்டா, சேலை மாட்டுவது போலவே இதுவும் மாட்டும்.

பலத்த காற்று அடிக்கும் நாளில் இது ஆகாது. அன்றைக்குக் கோட்டும் பேண்ட்டும் உள்ள செட்தான் நல்லது, வியர்த்தாலும் பரவாயில்லை. நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். மழை இருட்டில் கறுப்புக் கோட்டு லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

பையும் பாடமும்

உடம்பு நனைந்தால் காயும். ரெக்கார்டு நனைந்தால் திரும்ப எழுத வேண்டும். ஆகவே முதல் பாதுகாப்பு பைக்குத்தான்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய பையை நம்பாதீர்கள். தையலிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஒன்று, அதன் வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட். அதற்குள் புத்தகம். செல்போனுக்கும் கால்குலேட்டருக்கும் தனிக் கவர். டிராயிங் ஷீட்டுக்கு 3 அங்குல பி.வி.சி. பைப் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் மூடி. வீடு கட்டும் இடத்தில் மிச்சத் துண்டு கேட்டால் தருவார்கள். சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எவ்வளவு மழையிலும் ஷீட் காய்ந்தே இருக்கும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் இவற்றின் அசலை மழை நாளில் எடுத்து வரவே வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் இரட்டைக் கவர்.

பிரேக்கை மறக்காதீர்கள்

நனையாமல் போவதைவிட விழாமல் போவது முக்கியம். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், கண் பார்த்து கை பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்றால், காய்ந்த ரோட்டில் 6½ மீட்டரில் நிற்கலாம். பிரேக் பலம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் 13 மீட்டர் ஆகும். மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் 21 மீட்டர்! அதனால் மழையில் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். பத்துக்கண்ணு மாதிரி சந்திப்பு வருவதற்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால், கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்து விடும். அப்புறம் பிடித்தால் பிடிக்கும். வெள்ளைப் பெயின்ட் கோடு, இரும்பு மூடி, சாணி, மண் லாரி சிந்திய களிமண் இவற்றின் மேல் திருப்பக் கூடாது. டயரில் உரசி ஓடும் டைனமோ நனைந்தால் வழுக்கி, விளக்கு மங்கும். பேட்டரி லைட் ஒன்று கையில் இருக்கட்டும்.

எப்போது இறங்கி நிற்க வேண்டும்?

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி மூன்று வினாடியில் சுமார் ஒரு கி.மீ. வரும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில், அதுவும் பனைமரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நம்ம ஊரில் ஒரு வருடம் முழுவதும் பெய்வதே சராசரியாக 130 செ.மீ. அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! பின்னர் வீடூர் அணை நீர் வந்து சங்கராபரணி பெருக்கெடுத்தது. அந்த மாதிரி நாளில் ரோட்டில் ஓடும் தண்ணீரை "முழங்காலுக்குக் கீழதானே" என்று நினைக்கக் கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்து விடும். அடியில் ரோடு இருக்கிறதா, அறுந்த கரண்ட் கம்பி கிடக்கிறதா என்பதும் தெரியாது. திரும்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். அட்டெண்டன்ஸை அப்புறம் சரிக்கட்டலாம்.

வந்து சேர்ந்த பிறகு

இதுவரை சொன்னதை எல்லாம் செய்தாலும் கொஞ்சம் நனையத்தான் செய்வோம். முழுசாக நனையாமல் சைக்கிளில் வர முடியாது. ஆனால் நனையாமல் வகுப்பில் உட்கார முடியும். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

அதற்குத் தேவை ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு பேண்ட், பிளாஸ்டிக் கவருக்குள். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்பில் மிதித்து வாருங்கள். வந்ததும் துவட்டி, மாற்றி, ஷூ போட்டுக்கொண்டு லேபுக்குப் போகலாம். மழை நாளுக்குப் பாலியெஸ்டர் கலந்த துணி நல்லது. பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. அதனால் சீக்கிரம் காயும். ஜீன்ஸ் மாலை வரை காயாது.

வீட்டுக்குப் போனதும் சைக்கிளையும் கவனியுங்கள். செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தண்ணீரில் ஹப் முழுகியிருந்தால் பிரித்துப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். இல்லையென்றால் பொங்கலுக்குள் பால்ஸ் துருப்பிடித்துக் கரகரக்கும்.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஷெட்டின் உள்பக்கம் இரண்டு கொடிக்கயிறு கட்டி, கொஞ்சம் கிளிப்பும் மாட்டி வைத்தால் ஈரக் கோட்டையும் சட்டையையும் காயப் போடலாம். இப்போது ஈரத் துணியைப் பைக்குள்ளேயே சுருட்டி வைப்பதால் மாலையில் நாற்றத்தோடு அதையே மாட்டிக்கொண்டு போகிறோம். ஓர் அறையின் மூலையில் ஒரு தட்டி மறைப்பு வைத்தால் தோழியர் உடை மாற்றவும் வசதியாக இருக்கும். செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும். கயிறு கட்ட எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் தயார்.

அன்றைக்கு லேப் வாசலில் நின்ற என்னைப் போல, இந்த ஐப்பசியிலும் ஒரு முதலாம் ஆண்டுத் தம்பியோ தங்கையோ வந்து நிற்கலாம். அவர்கள் வேடிக்கை பார்க்காமல் உள்ளே போய் மீட்டரைத் தொட வேண்டும். அதற்கு ஒரு காய்ந்த சட்டை போதும்.

மழை பெய்யட்டும், ஏரி நிறையட்டும், நம் ரெக்கார்டு மட்டும் நனையாதிருக்கட்டும்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு, காட்டேரிக்குப்பம்